சுட்ட எண்ணெயும் மேரியக்காவின் மணிக்கட்டும்

கண்டனூர் எல்லையைத் தாண்டி காரைக்குடிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் இரண்டு கைலி, ஒரு சட்டை, ஒரு துண்டு. கல்யாண வீட்டு மைக் செட் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது, அப்புறம் நின்றுபோனது. வேனில் ஏறக்கூடாது என்று எங்கள் சமையல் காண்ட்ராக்டர் சொல்லவில்லை. நானேதான் ஏறவில்லை. சண்டை போட்ட ஆளின் வண்டியில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேருவது எனக்கு ஒத்துவராது. இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறேன். மதுரையில் ஒரு ஓட்டலை விட்டு, தொண்டியில் ஒரு கேன்டீனை விட்டு, சிங்கம்புணரியில் ஒரு எண்ணெய் மில்லை விட்டு. பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். அன்னதான வரிசையில் தட்டோடு நின்றிருக்கிறேன். அதில் பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது. அந்த நேரத்தில் அதுதான் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக அந்த நடையைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் கேட்டரிங் படித்துவிட்டு வருகிறீர்கள். நான் ஏழாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன். சாம்பார் கூட்டுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உங்களுக்குப் போனிலேயே கிடைக்கும். ஊருக்கெல்லாம் இலை போடுகிற நாம் நம்முடைய தட்டில் என்ன போட்டுக்கொள்கிறோம் என்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் உங்களுக்குத் தெரியும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறப்பார்கள். நாம் சில நாள் முன்னாலேயே போய்ப் பின்கட்டில் தங்கிவிடுவோம். முதல் வேலை பலகாரம். தேன்குழல், அதிரசம், மனகோலம் என்று வண்டி வண்டியாகச் சுட வேண்டும். சுட்டு முடிந்ததும் சட்டியில் எண்ணெய் மிஞ்சும். கறுத்து, கெட்டியாகி, அதிரசத்து வெல்லம் அடியில் கருகிக் கிடக்கும். அதை விருந்துச் சாப்பாட்டில் சேர்க்க முடியாது. வீட்டுப் பெரிய பெண்கள், ஆச்சிமார், உள்முற்றத்து வளவில் உட்கார்ந்தபடியே வாசனையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அந்தச் சுட்ட எண்ணெய் ஒரு தகரத்தில் ஊற்றப்பட்டு, கல்யாணம் முடியும் வரைக்கும் வேலையாட்களின் குழம்புக்கும் பொரியலுக்கும் போகும்.

யாரும் கட்டாயப்படுத்தி இதைச் செய்யவில்லை. எங்கள் காண்ட்ராக்டரின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். வீணாக்கக் கூடாது என்பது அவர்களுடைய கணக்கு. எங்களுக்கும் அது தப்பாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் குழம்பில் லேசாக ஒரு இனிப்பு வாசனை இருக்கும். பையன்கள் விரும்பியே சாப்பிட்டார்கள். காண்ட்ராக்டரும் எங்களோடு உட்கார்ந்து அதையேதான் சாப்பிட்டார். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்வேன், தனி இலை போட்டுக்கொண்டார் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஆட்களில் இதை முதலில் வேண்டாம் என்றவர் ஜெயமேரி. காய்கறிப் பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. அரிவாள்மனைக்கு முன்னால் உட்காரும்போது சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். அதன்பின் கடைசிக் காய் தீரும் வரை எழ மாட்டார். என்னைவிட வயதில் மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. சில வருடமாகவே காலையில் விரல் கணுக்கள் வீங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார். முழங்காலும் அப்படித்தான். அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போனுக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், மூட்டுவலிக்குக் காரணமே எண்ணெயும் கொழுப்பும்தான், அடியோடு நிறுத்தினால் வலி ஓடிவிடும் என்று பேசினார். அக்கா நிறுத்திவிட்டார். சுட்ட எண்ணெயை மட்டும் இல்லை, எல்லாவற்றையும். நல்லெண்ணெய் கிடையாது, நெய் கிடையாது, தேங்காய் கிடையாது, வேர்க்கடலை கிடையாது, மீன் கிடையாது. சோறும் தாளிக்காத ரசமும்தான்.

"என்னக்கா, நோன்பா?" என்று கேலி செய்தேன்.

"சிரிங்க மாஸ்டரு. நாளைக்கு உங்க முட்டி மடங்காதப்ப நான் வந்து சிரிக்கிறேன்."

காண்ட்ராக்டருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு ஆளுக்குத் தனிச் சாப்பாடு என்று ஆரம்பித்தால் நாளைக்கு எல்லாரும் தனித்தனியாகக் கேட்பார்கள் என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார்: "எல்லாரும் திங்கிறதத் தின்னு, எல்லாரும் உக்கார்ற எடத்துல உக்காரணும். அது முடிஞ்சா அடுத்த கல்யாணத்துக்கு வரட்டும். முடியாட்டி வீட்டுல இருக்கட்டும்."

அக்காவுக்குப் புருஷன் இல்லை. இருந்த ஒரே மகளும் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அரிவாள்மனைக்கு முன்னால் அந்த இடம் போனால் அவருக்கு வேறு இடம் கிடையாது. அதனால் வலியை வெளியே காட்டாமல் தரையிலேயே உட்கார்ந்தார், பட்டினி மாதிரியே சாப்பிட்டார், மெலிந்துகொண்டே போனார். நான் பருப்புக்கு மேல் கரண்டி கரண்டியாக நெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நேமத்தான்பட்டிக் கல்யாணத்தில்தான் அது நடந்தது. முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை போடுகிற நேரம். அக்கா எழப் பார்த்தார். முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. சாய்ந்தவர் கையை ஊன்றினார். பெரிய விழுகை ஒன்றும் இல்லை. பூசணிக்காய்த் துண்டு ஒன்று உருண்டு போகிற அளவுகூடச் சத்தம் வரவில்லை. ஆனால் மணிக்கட்டு கோணிவிட்டது.

காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். "பந்தி முடியட்டும். வேன்ல கூட்டிப் போவம். இப்ப ஒரு துணிய வச்சுக் கட்டுங்க."

"இப்பவே போகணும்ணே," என்றேன்.

"ரசம் தாளிக்கலப்பா. ஒனக்கு அடுப்புக்கிட்ட வேல இருக்கு."

"தாளிக்க மாட்டேன். வண்டி வரட்டும், அப்பறம் கரண்டியத் தொடுறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்போதே வேலையை இழந்திருந்தேன் என்று நினைக்கிறேன். அறிவிப்பதுதான் தாமதமாகிவிட்டது. நான் முகப்பு வரை போய் கல்யாண வீட்டுக்காரர் ஒருவரிடம் நேராகச் சொன்னேன். அவர் உடனே கார் சாவியை டிரைவரிடம் கொடுத்தார். கரண்டியை இரண்டாம் ஆளிடம் கொடுத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். ரசம் நன்றாகவே இருந்ததாம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் போனால் சமையல் நின்றுவிடும் என்றால் நீங்கள் பெரிய மாஸ்டர் இல்லை, உங்களுக்குக் கீழே ஒருவனையும் வளர்க்காத ஆள், அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு. டாக்டர் ஒரு சின்னப் பெண். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். சொன்னதும் புருவத்தைச் சுருக்கினார்.

"இவ்வளவு லேசா விழுந்ததுக்கு இது ஒடையக் கூடாதும்மா. என்ன சாப்பிடுறீங்க?"

அக்கா வலியிலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்ணெயே தொடுறதில்ல டாக்டரம்மா. ஒரு சொட்டு கெடையாது."

"யாரு சொன்னது?"

"போன்ல வந்துச்சு."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து மாத்திரையும், வைட்டமின் டி மாத்திரையும் இங்க குடுத்திருக்கோம்ல? அத எப்படிப் போடுறீங்க?"

"காலையில எந்திரிச்சதும். வரக்காப்பியோட."

"வெறும் வயித்துலயா?"

"வேலைக்குப் போற அவசரத்துல வேற என்னத்த?"

அப்போது அந்த டாக்டர் சொன்னதை நான் இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறேன். வைட்டமின் டி கொழுப்பில் கரைகிற சத்து. சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டால் உடம்பு அதைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. அது சேராவிட்டால் சுண்ணாம்புச் சத்தும் எலும்புக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு தானாகவே தேயும், இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"தப்பான எண்ணெய மட்டும் விட வேண்டியதுக்கு, எல்லா எண்ணெயையும் விட்டுட்டீங்க," என்றார்.

"அப்ப எது தப்பு, எது சரின்னு சொல்லுங்க," என்று நான் குறுக்கிட்டேன். "நாங்க சட்டியில மிஞ்சினத திரும்பத் திரும்பக் காய்ச்சித் திங்கிறோம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சமையக்காரன்."

"அப்ப நீங்களே கேட்டுக்கங்க. திரும்பத் திரும்பக் காயவச்ச எண்ணெய், டால்டா, இதெல்லாம் உடம்புல அழற்சிய, அதாவது உள்வீக்கத்தக் கூட்டும். ஏற்கெனவே மூட்டு வீங்கியிருக்கவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். புது எண்ணெய் அளவா சேக்கலாம். மத்தி மாதிரி சின்ன மீன்ல இருக்க கொழுப்பு இந்த வீக்கத்தக் கொஞ்சம் தணிக்கும். கொஞ்சம்னுதான் சொல்றேன். அதத் தின்னா மூட்டுவலி போயிரும்னு நான் சொல்லல. மருந்த நிறுத்தக் கூடாது. வெயில் படணும். எடை ஏறக் கூடாது. எண்ணெய அள்ளி ஊத்திட்டு முட்டி தாங்கலன்னு வரக் கூடாது."

"எங்க காண்ட்ராக்டருக்கும் முட்டி வீங்குது. அவருக்கும் மத்தி வாங்கிக் குடுக்கவா?"

"குடுக்காதீங்க. அவருக்கு ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடுதலா இருந்தா மத்தி வலிய ஏத்தி விட்ரும். இவங்களோட ரத்தச் சோதனைச் சீட்டப் பாத்துட்டேன், அந்தத் தொந்தரவு இல்ல. இவங்களுக்குச் சொன்னத ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க. போன்ல அந்த ஆளு செஞ்சதும் அதுதான்."

அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். நான் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு யாருக்கும் வைத்தியம் பார்க்காதீர்கள். வலிக்கிற ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நம் கையில் இருப்பது சட்டி மட்டும்தான். சட்டியை ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும்.

மாவுக்கட்டோடு அக்கா வீட்டில் இருந்தார். வேலை இல்லாத நாட்களில் நான் எட்டிப் பார்ப்பேன். மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு போடப் பழகினார். பக்கத்து வீட்டுப் பெண் மீன் வாங்கிக் கொடுத்தாள். ரசத்தில் நல்லெண்ணெய்த் தாளிப்பு திரும்ப வந்தது. கட்டுப் பிரித்து, கை பழையபடி வளையத் தொடங்கியபோது விரல் வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது. ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக் காட்டினார். மருந்தா, மீனா, கைக்குக் கிடைத்த ஓய்வா, எது காரணம் என்று எனக்குத் தெரியாது. டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை.

அக்கா கண்டனூர்க் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலேயே வந்து நின்றார். காண்ட்ராக்டர் பழைய பேச்சையே பேசினார். எல்லாரும் தின்பது, எல்லாரும் உட்காருவது. அக்கா தலையாட்டினார். எனக்குத்தான் ஆட்ட முடியவில்லை. கறுத்த எண்ணெயில் குழம்பு வைத்தால் அக்கா ஒன்று அதைத் தின்பார், இல்லை பழையபடி வெறும் ரசத்துக்குப் போவார். இரண்டும் கூடாது என்று என் காதாலேயே கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. நான் திருட்டுத்தனமாகச் செய்திருக்கலாம். அக்காவுக்கு மட்டும் ஒரு கரண்டி நல்ல எண்ணெயில் தனியாகத் தாளித்துக் கொடுத்து வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள், அதற்கு நல்ல மனசு என்று பெயரும் வாங்குவார்கள். எனக்கு அது வேண்டாம். ஒளித்துக் கொடுத்தால் அது தர்மம். வெளிப்படையாகக் கொடுத்தால்தான் அது சாப்பாடு. அந்தப் பின்கட்டில் முட்டி வலிக்கிற ஆள் அக்கா ஒருத்தர் மட்டுமா?

நேராக வளவுக்குப் போய் வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். "ஆச்சி, வேலையாளுக்கும் இந்தப் புது எண்ணெயிலயே ஆக்கலாமா?"

ஆச்சி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பின்ன எதுல ஆக்குறீக?"

நான் சொன்னேன்.

"எங்க வீட்டு அடுப்புலயா? நல்லாருக்கு போங்க. எடுத்துக்கங்க. கேக்கணுமா இத?"

அன்றைக்குக் குழம்பு புது எண்ணெயில் வெந்தது. காண்ட்ராக்டர் ஒரு வாய் வைத்ததும் தெரிந்துகொண்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆச்சிகிட்ட நீ போய்ப் பேசுறியா? அப்ப நான் எதுக்கு இங்க இருக்கேன்?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவரைத் தாண்டிப் போனது உண்மை. "ஒங்ககிட்டக் கேட்டா வேணாம்னு சொல்லிருப்பீக," என்றேன்.

"சொல்லிருப்பேன். நாளைக்குக் காலையில தகரத்து எண்ணெய்தான். இல்லன்னா இந்தக் கல்யாணத்தோட ஒனக்கும் எனக்கும் ஆச்சு."

மறுநாள் முகூர்த்தம். விடிந்ததும் இரண்டாம் ஆள் வேலையாட்களின் உப்புமாவுக்குச் சட்டியை ஏற்றி, தகரத்தைச் சாய்க்கப் போனான். நான் தகரத்தை வாங்கினேன். ஆறிப்போன எண்ணெய், கூழ் மாதிரி இருந்தது. பின்வாசலில் அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழி உண்டு. அதில் தலைகீழாகக் கவிழ்த்தேன். கறுப்பு எண்ணெய் சாம்பலுக்குள் இறங்கி மறையும் வரைக்கும் நின்று பார்த்தேன்.

காண்ட்ராக்டர் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். கத்தவில்லை.

"எங்கப்பா அதத்தான் தின்னாரு. நானும் சின்னப் பிள்ளையிலருந்து அதத்தான் திங்கிறேன். எனக்கு என்ன வந்துருச்சு இப்ப?"

சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்தார் என்று சொல்வதைவிட, தூணை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னைத் தானே மேலே இழுத்துக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி. பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு விட்டார். காய்கறிக் குவியலுக்குப் பின்னால் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர் முட்டி போனதற்கு எண்ணெய்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க அண்டா தூக்கின முட்டி அது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் எழாமலே இருந்திருக்கலாம்.

"பந்தி முடியவும் கெளம்பிரு," என்றார் என்னிடம்.

"முடியவும்தான்ணே போவேன்."

கடைசிப் பந்தி எழுந்து, வேலையாட்கள் புது எண்ணெயில் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டு முடிக்கும் வரை அடுப்பை விட்டு நகரவில்லை. நேமத்தான்பட்டியில் பந்திக்கு முன்னால் போனேன், இங்கே பந்திக்குப் பின்னால் போனேன். எது சரி என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு எலும்பு உடைந்திருந்தது. இங்கே உடைந்தது என் வேலை மட்டும்தான். அது காத்திருக்கும்.

இப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஹாரன் கேட்டது. எங்கள் வேன். என்னைத் தாண்டிப் போய் நின்றது. முன் சீட்டிலிருந்து காண்ட்ராக்டர் தலையை நீட்டினார்.

"ஏறுப்பா. நடந்து எங்குட்டுப் போகப் போற? வேலையில இரு. ஆனா எண்ணெய்ப் பேச்ச இனி எடுக்காத."

அவர் அப்படிக் கூப்பிட்டது எனக்கு ஆச்சரியம்தான். "அக்காவ அடுத்த கல்யாணத்துக்குக் கூப்புடுவீகளா?" என்று கேட்டேன்.

"கீழ உக்கார முடிஞ்சா வரட்டும். எல்லாருக்கும் ஒரே சட்டிதான். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காத."

"அப்ப நான் நடக்குறேன்ணே."

அவர் டிரைவரைப் பார்த்தார். வண்டி உறுமியது. அப்போது வேனுக்குள் பின்பக்கமிருந்து அக்காவின் குரல்: "இருங்கப்பா. நான் எறங்கிக்கிறேன்."

வேனின் பின்படி உயரம். அக்கா முதலில் பையை இறக்கினார். பிறகு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே விட்டு, தரை எட்டாமல் திரும்ப மேலே வைத்து, திரும்பி உட்கார்ந்து, இரண்டு காலையும் தொங்கவிட்டு, வழுக்கியபடி இறங்கினார். நான் கை நீட்டினேன். "தொடாதீக," என்றார். வேனுக்குள் இருந்த அத்தனை பேரும் அந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து நின்று சேலையைச் சரிசெய்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. வண்டியை எடுக்கச் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை போல.

அக்கா என்னிடம் நன்றி சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தால் அது என் முட்டாள்தனம்.

"பெரிய வீரரு. கொட்டிட்டு விறுவிறுன்னு நடந்துட்டீக. எனக்காகத்தான கொட்டுனீக? என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்பீக."

"இதத்தான அவருகிட்டயும் சொன்னீக. எல்லாருக்கும் இந்த ஒரு பதிலுதானா?" சாலையின் நீளத்தைப் பார்த்தார். "இப்பப் பாருங்க, காரைக்குடி வரைக்கும் நடக்க எனக்கு முட்டி இருக்கா? கோவம் உங்களுக்கு, நட எனக்கா?"

எத்தனையோ வேலைகளை விட்டு வந்திருக்கிறேன், எல்லாம் தனியாக. பக்கத்தில் நடக்க முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு கோபித்துப் போனது அதுதான் முதல் தடவை. அநியாயத்தை எதிர்க்கப் போகிறீர்களா, எதிருங்கள். நான் தடுக்க மாட்டேன், தடுக்கிறவர்களையும் நம்பாதீர்கள். ஆனால் யாருக்காக எதிர்க்கிறீர்களோ அவர்களுடைய முட்டி எவ்வளவு தூரம் தாங்கும் என்று முதலில் கேட்டுவிட்டு எதிருங்கள். அந்தச் சாலையில் அக்காவிடம் வாங்கிய திட்டில் நான் எடுத்துக்கொண்டது இது.

"ஏன் எறங்குனீக பின்ன?" என்று கேட்டேன்.

"ஒரே சட்டின்னாரு. அந்தச் சட்டி வேணாம்னுதான்."

பக்கத்தில் இருந்த நிறுத்தத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம். டவுன் பஸ் வந்தது. அந்தப் படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

மறுநாள் காலையில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு. போவதற்கு முன்னால் இந்தத் தடவை கேட்டேன். "வாரேன், ஆனா பேசுறது நான்," என்றார்.

பாய் ஒருவர் நடத்துகிற கடை. சமையல் அவர் வீட்டம்மா. மீன் கழுவ ஆள் வேண்டும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"மாஸ்டரா இருந்துட்டு மீன் கழுவ வாரீகளே, சரிப்படுமா?" என்றார் பாய். அக்காவைப் பார்த்து, "நான் ஒரு ஆளுதானேம்மா கேட்டேன்," என்றார்.

"கழுவுறது அவரு. வெட்டுறது நானு," என்றார் அக்கா. "ஒரு சம்பளத்தப் பிரிச்சுக் குடுங்க, போதும். ஆனா ரெண்டு விசயம் இருக்கு, பாய். நான் தரையில உக்கார மாட்டேன். நேத்து மீன் பொரிச்ச எண்ணெயில ஆக்குன சோறு நாங்க திங்க மாட்டோம்."

பாய் தாடியைத் தடவினார். "மிஞ்சுற எண்ணெய என்ன செய்யிறது?"

அடுப்பில் பெரிய வாணலி நிறைய எண்ணெய் இருந்தது. "மிஞ்சுற மாதிரி ஊத்தாதீக பாய்," என்றேன். "தோசைக்கல்லுல ரெண்டு கரண்டி விட்டுப் பொரிச்சா அன்னன்னைக்குத் தீந்துரும்."

பாய் உள்ளே எட்டி வீட்டம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த தோசைக்கல்லை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். பாய் சாப்பாட்டு மேசை ஒன்றைக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போட்டு, ஒரு நாற்காலியையும் வைத்தார்.

தொண்டியிலிருந்து மீன் வந்து இறங்கியது. கூடை நிறைய மத்தி. நான் செதில் உரசிக் கொடுக்க, அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, தலையும் வாலும் நறுக்கிக் குடலை எடுத்தார். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் வீட்டம்மா எங்களைக் கூப்பிட்டார். வந்தவர்களுக்குப் போட்ட அதே சட்டியிலிருந்து ஊற்றினார். குழம்பின் மேலே மீன் கொழுப்பு மஞ்சளாக மிதந்தது. அக்கா அதை ஒதுக்கவில்லை. சோற்றில் குழி செய்து வாங்கிக்கொண்டார். பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதல் கவளத்தைப் பிசைந்தார்.